சுமைதாங்கி

(மன அமைதிக்குரிய நல்வழக்கங்கள் பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயில் வாயிலில் சற்றுநேரம் நின்று, வருவோரையும் போவோரையும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பலருக்குக் கால்கள் உள்ளே வந்துவிடுகின்றன, உள்ளம் வருவதில்லை. கைகள் குவிந்திருக்கின்றன, எண்ணமோ வங்கித் தவணையிலும், மகளின் திருமணத்திலும், மருத்துவர் எழுதித் தந்த சோதனைச் சீட்டிலும் உழன்றுகொண்டிருக்கிறது. தீபாராதனை காட்டும் நொடியில் கைப்பேசி அதிர்ந்தால், கண் சந்நிதியை விட்டு அதன்பாற் சென்றுவிடுகிறது. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இன்றைய வாழ்க்கை மாந்தர்மேல் ஏற்றிவைத்திருக்கும் பாரம் அத்தகையது. 'ஒரே டென்ஷன்' என்று பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது; எழுபது வயது மூதாட்டியும் சொல்கிறார். அதனையே 'மன அழுத்தம்' என்று தமிழில் வழங்குகிறோம். நாள்தோறும் நம்மை வருத்தும் அவ்வழுத்தத்தை எங்ஙனம் தணித்துக்கொள்வது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சுமையே இல்லாத வாழ்க்கைக்கு வழிசொல்ல யான் இங்கு வரவில்லை. அப்படியொரு வாழ்க்கை இல்லறத்தார் எவருக்கும் வாய்த்ததில்லை. சுமையை இடையிடையே இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் முறையைப் பற்றியே பேச விழைகிறேன்.

கவலை என்னும் சொல்

நம் முன்னோர் ஒரு சொல்லுக்குள் ஒரு நூலையே அடக்கிவைத்தனர். 'கவலை' என்னும் சொல்லைப் பாருங்கள். பழந்தமிழில் அச்சொல்லுக்கு மனவருத்தம் என்னும் பொருளேயன்றி, வழி பிரியும் இடம் என்னும் பொருளும் உண்டு. ஒரு வழி இரண்டாகக் கவர்த்துச் செல்லும் இடம் கவலை. இரண்டாகப் பிரிந்த கொம்பைக் கவைக்கோல் என்கிறோம். அதுவும் இச்சொல்லுக்கு இனமானதே. வழிப்போக்கன் ஒருவன் கவர்த்த வழியின் நடுவே நின்று, இப்பக்கம் போவதா அப்பக்கம் போவதா என்று அறியாமல் திகைத்து நிற்கிறான் அல்லவா? அந்த நிலைதான் மனக்கவலையும். உடம்பு ஓரிடத்தில், உள்ளம் வேறோரிடத்தில். கை செய்வது ஒன்று, எண்ணம் நினைப்பது மற்றொன்று.

நாட்டுப்புறத்தில் மாடு பூட்டி நீரிறைத்த ஏற்றத்திற்கும் 'கவலை' என்றே பெயர். சில பகுதிகளில் 'கமலை' என்பர். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். காலைமுதல் மாலைவரை முன்னும் பின்னுமாக அதே தடத்தில் நடை. நம் மனமும் அவ்வாறே ஒரே எண்ணத்தை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறது. வேறுபாடு ஒன்றே. மாடு நடந்தால் வயலுக்கு நீர் பாயும். நாம் இரவெல்லாம் கவலைப்பட்டால் ஒரு சால் நீரும் மேலே வருவதில்லை.

கவலையின் மறுதலை மகிழ்ச்சி என்று பலர் கருதுகின்றனர். சொல்லின் வழியே நோக்கினால், கவலையின் மறுதலை 'ஒருமை'. பிரிந்து நிற்பதற்கு மாற்று ஒன்றிநிற்பதேயாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இடையூறு வாராதிருக்குமா?

திருக்குறளின் அதிகார வைப்புமுறையில் ஒரு நுட்பம் உண்டு. பொருட்பாலின் முதற்பகுதியாகிய அரசியலில் 25 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் 60-ஆவது ஊக்கமுடைமை; 61-ஆவது மடியின்மை; 62-ஆவது ஆள்வினையுடைமை. இம்மூன்றையும் அடுத்து 63-ஆவதாக இடுக்கணழியாமை நிற்க, அதனோடு அரசியல் நிறைவுறுகிறது. ஊக்கம் கொண்டு, சோம்பல் நீத்து, முயற்சியில் இறங்கியவனுக்கே இடையூறு வந்து சேரும் என்பது இவ்வைப்புமுறையால் விளங்குகிறது. இன்னுமொன்று. 'இடுக்கண் வாராமை' என்று ஓர் அதிகாரம் அமையவில்லை. 'இடுக்கணழியாமை' என்றே அமைந்தது. வருவதைத் தடுத்தல் நம் கையில் இல்லை. வந்தபோது உடைந்துபோகாதிருத்தல் நம் கையில் உள்ளது.

ஆகவே, 'எனக்கு ஏன் இத்தனை தொல்லை?' என்று வினவி நிற்பதைவிட, 'இதனை உடையாமல் சுமப்பது எப்படி?' என்று வினவுவதே பயன்தரும்.

உடம்பினுள் நிகழ்வது

மன அழுத்தம் என்பது வெறும் நினைப்பன்று. உடம்பினுள் நிகழும் மெய்யான மாற்றம். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சச் சென்றவன் காலடியில் பாம்பைக் காண்கிறான் என்று கொள்வோம். அந்நொடியே சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின் என்னும் நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; செரிமானம் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கப்படுகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்புநீர் மிகுந்து, தசைகளுக்கு வேண்டிய சர்க்கரையைக் குருதியில் சேர்க்கிறது. அவன் ஒரே தாவலில் வரப்பின் மறுபுறம் போய் நிற்கிறான். பாம்பு புற்றுக்குள் சென்றதும் படபடப்பு மெல்ல அடங்கி, உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் எழுங்கால் உடம்பு போரிடவோ ஓடவோ இவ்வாறு ஆயத்தமாவதை விளக்கினார். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே 1936-ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். துன்பத்தின் வகை வேறாயினும் உடம்பு அதனை எதிர்கொள்ளும் பாங்கு ஒன்றுபோல் இருக்கிறது. துன்பம் ஓயாது நீடிப்பின் உடம்பின் தாங்குதிறன் முடிவில் தளர்ந்துபோகிறது என்பது அவர் கண்ட உண்மை.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? பாம்பைக் கண்டு படபடத்தல் நோயன்று. அது நம்மைக் காக்கும் ஏற்பாடு. பாம்பு போனபின்னும் அடங்காதிருத்தலே நோய். புற்றுக்குள் போகாத பாம்புகள் சில உண்டு. கடன் ஒரு பாம்பு; வேலை நிலைக்குமோ என்னும் ஐயம் ஒரு பாம்பு; உறவில் விழுந்த விரிசல் ஒரு பாம்பு. இவை கண்முன் இல்லாதபோதும் மனத்துள் படமெடுத்து நிற்கின்றன. உடம்புக்கு மெய்ப்பாம்பும் நினைவுப்பாம்பும் ஒன்றே. ஆதலால் இதயம் ஓய்வதில்லை, உறக்கம் கெடுகிறது, வயிறு எரிகிறது, இரத்த அழுத்தம் உயர்ந்தபடி நின்றுவிடுகிறது, நோய் எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது.

யான் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் இதனைத் தேர்வுக் கூடங்களில் கண்டதுண்டு. முந்தினநாள் தடையின்றி ஒப்பித்த செய்யுள், வினாத்தாளைக் கண்டதும் மாணவனுக்கு மறந்துபோகும். அவன் அறிவு எங்கும் போய்விடவில்லை. அச்சம் அதனை மறைத்து நிற்கிறது. எழுதுகோலைக் கீழே வைத்து, பத்துமுறை மெல்ல மூச்சுவிட்டபின் எழுதச் சொன்னால், முதலடி நினைவுக்கு வரும். பின் ஏனைய அடிகள் தாமே தொடரும்.

வழியோரத்துக் கல்

பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வண்டியும் வாகனமும் குறைந்த காலத்தில் விறகும் நெல்லும் உப்பும் தலைச்சுமையாகவே சென்றன. தலையிலுள்ள சுமையைத் தரையில் இறக்கினால், மீண்டும் தூக்கிவிட மற்றொருவர் வேண்டும். அதனால் அக்கல்லை ஆள் உயரத்தை ஒட்டி அமைத்தார்கள். வழிப்போக்கர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, சற்று இளைப்பாறி, பின் தாமே ஏற்றிக்கொண்டு நடையைத் தொடரலாம்.

சுமைதாங்கி சுமையைக் குறைப்பதில்லை. ஊரின் தொலைவையும் குறைப்பதில்லை. ஆயினும் அக்கல் இல்லாதிருந்தால் பலர் ஊர்போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள். நம் ஒவ்வொரு நாளிலும் இத்தகைய கற்கள் சிலவற்றை நட்டுக்கொள்ள வேண்டும். நல்வழக்கம் என்பது அதுவே. அவ்வகையில் ஆறு கற்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதற் கல்: விடியற்காலை

முன்னர்ச் சொன்ன கார்ட்டிசால், துயிலெழும் வேளையில் இயல்பாகவே மிகுந்து, பகல் செல்லச் செல்லக் குறைந்து, நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்திருக்கும். விழித்தவுடன் உடம்பு தானே விறுவிறுப்பாக எழுகிறது என்பது இதன் பொருள். அவ்வேளையில் கைப்பேசியைத் திறந்து, ஊர்ச்சண்டையையும் உலகச்சண்டையையும் உள்ளே ஊற்றிக்கொள்வது எரியும் அடுப்பில் எண்ணெய் விடுவதாகும். எழுந்தபின் அரைமணி நேரம் அக்கருவியைத் தொடுவதில்லை என்று உறுதிகொள்ளுங்கள். பல் துலக்கி, நீர் பருகி, வாயிலுக்கு வந்து இளவெயிலில் சற்று நில்லுங்கள். காலை ஒளி படுவதால் உடம்பின் நாட்கணக்கு ஒழுங்குபெறும். இரவில் உறக்கமும் உரிய நேரத்தில் வரும்.

இரண்டாம் கல்: உணவு

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைக் கற்பவர் அங்கே மூலிகைப் பெயர்களைத் தேடினால் ஏமாந்துபோவர். பத்துக் குறட்பாக்களுள் பெரும்பகுதி உண்ணும் அளவையும் பசியையும் செரிமானத்தையுமே பேசுகின்றன. மனம் படபடக்கும்போது சிலர் உண்பதையே மறக்கின்றனர். சிலர் கைக்கெட்டிய நொறுக்குத் தீனியையெல்லாம் உண்கின்றனர். இரண்டும் தீங்கே. உரிய வேளையில், அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மென்று உண்ணுங்கள். ஒருவேளை உணவையேனும் வீட்டார் ஒருங்கிருந்து உண்ணுங்கள். அவ்வேளையில் மதிப்பெண் பற்றியும் கடன் பற்றியும் பேச்செடுக்காதீர்கள்.

காப்பி, தேநீர் பற்றியும் ஒரு சொல். அவற்றிலுள்ள காஃபீன் என்னும் பொருளில் ஏறத்தாழப் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தபின்னும் உடம்பில் தங்கியிருக்கும். மாலை ஆறு மணிக்குக் காப்பி பருகிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு உறக்கம் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. நண்பகலுக்குப் பின் அதனைக் குறைத்துக்கொள்வது நன்று.

மூன்றாம் கல்: நடை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் 150 நிமிடம் நிறைவுறும். பாம்பைக் கண்டவன் தாவி ஓடியதால் உடம்பிலெழுந்த விசை செலவாகிவிட்டது. நாமோ நாற்காலியில் அமர்ந்தபடியே அஞ்சுகிறோம். நாற்காலியில் அமர்ந்தபடியே சினக்கிறோம். உள்ளே மூண்ட விசைக்கு நடையே வடிகால்.

திருக்கோயில் வெளிப் பிராகாரம் நடப்பதற்குச் சிறந்த இடம். அங்கு நடக்கும்போது காலடி தரையில் படுவதை உணர்ந்து நடவுங்கள். எண்ணம் வீட்டுக்கு ஓடினால், சினங்கொள்ளாமல் மீண்டும் காலடிக்கு அழைத்து வாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உச்சிவேளையில் சுடுகின்ற கல்தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டா. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூட்டுக்கொப்புளம் எழுவதுகூடத் தெரியாது. காலையிலும் அந்தி சாய்ந்தபின்னும் நடப்பதே அவர்களுக்கு உகந்தது.

நான்காம் கல்: மூச்சு

திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைக்கிறது. மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமம் அவ்வுறுப்புகளுள் ஒன்று. நெஞ்சத்தை நேரே பிடித்து நிறுத்த இயலாது. மூச்சைப் பிடித்தால் நெஞ்சம் பின்னே வரும் என்பது யோகியர் பட்டறிவு. இக்கால உடலியலும் இதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்புச் சற்று விரைகிறது; வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. மூளையிலிருந்து இதயத்திற்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் என்னும் நரம்பின் வழியே இது நிகழ்கிறது. ஆதலின் வெளிமூச்சை நீட்டினால் உடம்பு அமைதிப்பக்கம் திரும்புகிறது.

செய்முறை எளிது. முதுகு நிமிர அமருங்கள். மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். நொடிக்கு ஓர் எண்ணாகக் கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு. காலையும் மாலையும் இதனைச் செய்யலாம். பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம். மூச்சை அடக்கி நிறுத்தும் கடும்பயிற்சிகளை, குறிப்பாக இதயநோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளோர், தக்காரிடம் கற்காமல் மேற்கொள்ளலாகாது. தலைசுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடுங்கள்.

ஐந்தாம் கல்: ஒருமை

கவலையின் மறுதலை ஒருமை என்றேன். அதற்குரிய பயிற்சி நம் தாய்மார்களின் கைகளிலேயே இருக்கிறது. வாயிலில் புள்ளி வைத்துக் கோலம் இழைப்பவருக்கு எண்ணம் வேறெங்கேனும் ஓடினால் ஒரு புள்ளி தவறும். கோலம் முழுதும் கோணும். பூத்தொடுப்பவருக்கு விரலும் நாரும் கண்ணும் ஒன்றாக வேண்டும். அரிசியில் கல் பார்ப்பதும், கீரை ஆய்வதும் அத்தகையனவே. இவை வேலைகளாக மட்டும் இருந்தால் களைப்பு. கவனத்தோடு செய்தால் அவையே தியானம்.

மேலை நாட்டு மருத்துவரும் இவ்வழிக்கு வந்துள்ளனர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்னும் அறிஞர் 1979-ஆம் ஆண்டு, பௌத்த தியான நெறியிலிருந்து எடுத்த கவனப் பயிற்சியை, நாட்பட்ட வலியாலும் அழுத்தத்தாலும் வருந்துவோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். எட்டு வாரங்கள் நடைபெறும் அப்பயிற்சியின் தொடக்கத்தில் ஓர் உலர்திராட்சையைக் கையில் தருவார்கள். அதனை முதன்முறை காண்பவரைப்போல் நோக்கி, முகர்ந்து, நாவிலிட்டு, மெல்ல மென்று சுவைக்கச் சொல்வார்கள். விளையாட்டுப்போல் தோன்றினும், நாம் எத்தனை வேளை உணவைச் சுவையறியாமல் விழுங்கியிருக்கிறோம் என்பது அப்போது விளங்கும். நாளுக்கு ஒரு வேலையையேனும், அது பாத்திரம் துலக்குவதாயினும், அதனோடு ஒன்றிச் செய்து பாருங்கள்.

வழிபாடு முடிந்தபின் கோயிலில் சற்றுநேரம் அமர்ந்து செல்லும் வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்று பலர் அமர்ந்தவுடன் கைப்பேசியை எடுக்கின்றனர். அது அமர்தல் ஆகாது. மணியோசை அடங்குவதைக் கேளுங்கள். விளக்கின் சுடரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

ஆறாம் கல்: உறக்கம்

வளர்ந்தோருக்கு இரவில் ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுவது நலம். படுக்கைக்குச் செல்வதற்கு ஒருமணி நேரம் முன்பே திரைகளை அணைத்துவிடுங்கள். அதன்பின் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாக வகுத்துக்கொள்ளுங்கள். நாளை நான் செய்யத்தக்கவை முதற் பத்தி. காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியவை இரண்டாம் பத்தி. என் கையில் இல்லாதவை மூன்றாம் பத்தி. நெஞ்சில் கிடப்பவற்றையெல்லாம் உரிய பத்தியில் எழுதிவிட்டுத் தாளை மடித்து வையுங்கள். நினைவில் வைக்கும் வேலையைத் தாள் ஏற்றுக்கொண்டால் மனம் இளைப்பாறும். மூன்றாம் பத்தியில் உள்ளவற்றை இறைவன் திருவடியில் விட்டுவிடுவதே அன்பர் இயல்பு. ஆனால் முதற் பத்தியில் உள்ளதை விட்டுவிடுதல் பக்தியன்று, அது மடியேயாகும்.

சாய்ந்தால் சரியும் கற்கள்

சுமைதாங்கிபோல் தோன்றி, சாய்ந்தவுடன் சரியும் கற்களும் உண்டு. புகையும் புகையிலையும் மதுவும் அத்தகையவை. புகைப்பவர் 'ஒன்று பற்றவைத்தால் மனம் அடங்குகிறது' என்பார். அந்தத் தவிப்பில் பெரும்பகுதி, முன்பு பிடித்த புகையின் நஞ்சு உடம்பில் குறைந்ததனால் எழுந்ததே. அடுத்த புகை அதனைச் சிறிதுநேரம் தணித்து, மீண்டும் எழுப்பிவிடுகிறது. மது விரைவில் மயக்கும். ஆனால் பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். மறுநாள் கவலை இருமடங்காக வந்து நிற்கும். வீட்டிலுள்ளோர் தலையிலும் அது சுமையாக ஏறும்.

கல்லை நட்டவர் யார்?

இதுவரை நமக்கு நாமே நட்டுக்கொள்ளும் கற்களைப் பற்றிச் சொன்னேன். இனிச் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

வழியோரத்துச் சுமைதாங்கிகள் பலவும் யாருடைய நினைவாக நடப்பட்டவை தெரியுமா? கருவுற்றிருந்த காலத்தில் பிள்ளையைப் பெறாமலே உயிர்நீத்த பெண்களின் நினைவாக. வயிற்றுச்சுமையை இறக்கிவைக்க வாய்ப்பின்றியே அவள் போய்விட்டாள்; அவள் பெயரால் பிறர் சுமையேனும் இறங்கட்டும் என்று குடும்பத்தார் கல் நட்டனர். இறந்தவளுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களுள் இதனினும் உருக்கமானது ஒன்றை யான் அறியேன்.

அன்பர்களே, நம் வீட்டில் இறக்கிவைக்க இடமின்றிச் சுமப்பவர் யார் என்று இன்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரை இரவும் பகலும் பேணும் மருமகள் ஒருத்தி இருப்பாள். அவளிடம் போய், 'மூச்சுப்பயிற்சி செய், மனம் அமைதியடையும்' என்று சொன்னால் அது அறிவுரையன்று, கொடுமை. மூச்சுவிட அவளுக்கு நேரமேது? வாரத்தில் ஒரு பிற்பகலேனும் அவ்வீட்டு ஆடவரோ, நாத்தனாரோ, பெயரப் பிள்ளைகளோ அப்பணியை ஏற்று, 'நீ போய் உறங்கு. கோயிலுக்குப் போய் வா. உன் தாய்வீட்டுக்குப் போய் வா' என்று சொல்லுங்கள். அதுவே அவளுக்குச் சுமைதாங்கி. அவள் போனபின் நினைவுக்கல் நடுவதால் அவளுக்குப் பயனில்லை.

தேர்வு முடிவை எதிர்நோக்கும் பிள்ளை இருக்கிறான். 'மதிப்பெண் குறைந்தால் இந்த வீட்டுப் பக்கம் வராதே' என்று விளையாட்டாகச் சொன்ன சொல்லும் அவன் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிடும். முடிவு வருமுன்பே அவனை அருகழைத்து, 'எது வந்தாலும் சோறு உண்டு, வீடு உண்டு, நாங்கள் உண்டு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றோர் உள்ளத்தில் அன்பு இருப்பது போதாது; அது பிள்ளையின் செவியில் விழவேண்டும்.

கடனால் நொந்தவருக்கு நல்வழக்கங்கள் கடனை அடைத்துத் தரமாட்டா. ஆயினும், தெளிந்த மனத்தோடு கணக்கை எடுத்து, வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, கடன் தந்தவரிடம் தவணை கேட்கும் துணிவை அவை தரும். மறைத்த கடன் இருமடங்கு கனக்கும்.

மருத்துவரை நாடவேண்டிய நிலை

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, மனம் இருண்டே இருக்குமாயின் அது வெறும் கவலையன்று. மருத்துவம் வேண்டும் நோய். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணுவதில்லை, இதற்கும் நாணவேண்டா. மருந்து உண்டுவருவோர் பயிற்சிகளை நம்பி மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் தோன்றினால் அவரைத் தனியே விடாதீர்கள். நடுவண் அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாதிருக்கலாம்; அடுத்த வீட்டாருக்கு ஒருநாள் வேண்டியிருக்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஆறு கற்களையும் ஒரே நாளில் நட முயல வேண்டா. அதுவே மற்றொரு சுமையாகிவிடும். உங்களுக்கு எளிதாகத் தோன்றும் ஒன்றை மட்டும் இன்று தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள், அதனை விடாமல் கைக்கொள்ளுங்கள். அது ஊன்றியபின் அடுத்ததை எடுங்கள். கூடவே, உங்கள் இல்லத்தில் மிகுதியாகச் சுமப்பவர் எவரோ அவரிடம் இன்றிரவு, 'உன் வேலையில் எதனை நான் ஏற்றுக்கொள்ளட்டும்?' என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், அவர் சொல்வதைச் செய்யுங்கள்.